மூன்று விரல் இடைவெளி

அந்த வீட்டில் கராஜ் மட்டும்தான் பாக்கி. மூன்று பக்கம் பூசாத செங்கல் சுவர், மேலே தளம், முன்பக்கம் வாசலுக்குக் குறுக்கே ஒரு கான்கிரீட் லிண்டல், கீழே வெறும் மண். ஷட்டர் வர வேண்டிய இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. பதினான்கு மாதமாக அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி இறந்த வாரம் நின்றுபோன வேலை. பதினோரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் அவள் இல்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு ஆட்கள் சாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்லிக் கழற்றுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதையும் அதிகமாகக் கேட்பதில்லை.

அவன் வேலை பார்த்தது ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில். இன்ஜினியரிங் படித்துவிட்டு வண்டிக்கு அடியில் படுக்கிறவன் என்பதால் அங்கே அவனுக்குப் பெயர் 'காலேஜ்'. "காலேஜ், அந்த கியர் பாக்ஸை இறக்கு" என்பார்கள். அவனும் இறக்குவான். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். நாலு வயசு மகளை வைத்துக்கொண்டு அப்படி வாழ முடியாது. அதனால் குட்டி அவள் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் போவான். குழந்தை முதல் அரை மணி நேரம் அவனைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அப்புறம் மடியில் வந்து உட்காருவாள். சரியாகப் பழகி முடிக்கும் நேரத்தில் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

பெரியம்மா கெட்டவள் இல்லை. மனைவிக்குக் கூடப் பிறந்த அக்கா. அவன் அண்ணி என்று கூப்பிடுவான். இரண்டு பையன்களும் வேலைக்கு வெளியூர் போய்விட்ட வீட்டில் ஒரு குழந்தையின் சத்தம் கேட்டதும் அவளுக்கே உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நியாயம் தெரிந்தவள். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, எங்கே சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது அவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்:

"பகல்ல ஆள் இருக்கற வீடுன்னா அனுப்பறேன் தம்பி. பூட்டின வீட்டுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

அவன் சரி என்றான். அந்த வருஷம் அவன் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை அதுதான். ஆனால் மறுநாள் காலையில் சர்வீஸ் சென்டருக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மாசக் கடைசி வரைக்கும் இடத்தை யாருக்கும் தர மாட்டேன், மனசு மாறினால் வா என்றார். அதற்கும் சரி என்றான்.

கராஜைப் பட்டறையாக்குவது என்பதுதான் அவன் யோசனை. வீட்டிலேயே வேலை, வீட்டிலேயே ஆள். அண்ணியின் கணவர் கட்டட மேஸ்திரி. அக்கா தங்கையில் ஆளுக்கொருத்தியைக் கட்டியதால் அவர் அவனுக்குச் சகலை. பத்து வயது மூத்தவர். வாய்க்குப் பூட்டுக் கிடையாது. இந்தக் கராஜின் சுவரையும் லிண்டலையும் எழுப்பியவரே அவர்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கலவைச் சட்டியோடு வந்து நின்றார். மண்ணை இடித்து இறுக்கி, ஜல்லி பரப்பி, கம்பி கட்டித் தரையை ஊற்றினார்கள். நான்கு அங்குலம் போதும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். சகலை தாளைப் பார்க்கவே இல்லை.

"சம்பளத்துக்குப் போடற தரை நாலு இஞ்ச். சகலைக்குப் போடற தரை ஆறு இஞ்ச். நாளைக்கு லாரிய ஏத்தினாலும் தாங்கணும்."

அவன் ஜல்லியை அள்ளிக் கொட்டினான். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. இப்படி உடம்பு முறிந்த நாளில்தான் தூக்கம் வந்தது.

தரை காய்ந்ததும் மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எலெக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்தார். சென்டரிங் பலகைகளை அடித்து ஒரு மேஜை செய்து அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸைப் பூட்டினான். பழைய கம்ப்ரஸர் ஒன்று கிடைத்தது. ஓடும்போது இருமும், ஆனால் காற்று பிடிக்கும். இரண்டு ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, எண்ணெய் வடிக்க அகலத் தட்டு ஒன்று. சுவரில் ஸ்பேனர்களை அளவு வாரியாக மாட்டினான். எல்லாவற்றையும் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் செய்தான். சந்தோஷமா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. குட்டி வர வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

முதல் வண்டி ஒரு பள்ளிக்கூட வேன். அதன் சொந்தக்காரருக்கு மூன்று வேன்கள். சர்வீஸ் சென்டருக்கு வந்துபோனதில் காலேஜைத் தெரியும். ஆனால் மனிதர் சந்தேகப் பிராணி. பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட இறங்கி நின்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். விடுமுறைக்காலம் முடியப் போகிறது, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வேனுக்குத் தகுதிச் சோதனை என்றார். இந்த முறை தவறினால் அடுத்த தேதி பத்து நாள் கழித்துத்தான். அதுவரை பதினெட்டுப் பிள்ளைகளைத் தோளிலா தூக்கிப் போவது என்று கேட்டார். இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் மூன்று வேனும் வருஷம் முழுக்க அவனுக்கு. இல்லையென்றால் பழைய இடம் இருக்கவே இருக்கிறது.

அதாவது வேன் தேறினால் பட்டறை நிற்கும். பட்டறை நின்றால் குட்டி வருவாள்.

புதன்கிழமை காலையில் வேன் வந்தது. பின்பக்கம் நாய் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. வண்டியின் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டைகள் இரண்டு பக்கமும் தளர்ந்து, ஒன்றில் வெடிப்பே விட்டிருந்தது. உள்ளே விடுவதற்கு முன் அவன் டேப்பை எடுத்து வேனின் உயரத்தை அளந்தான், வாசலை அளந்தான். சகலை டேப்பை நம்பாமல் வேனின் கூரைக்கும் லிண்டலுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

"மூணு விரல் இருக்கு. போதும் சகல, மேல யாரும் உக்காந்து வரப்போறதில்ல."

வேன் உள்ளே போயிற்று. இரண்டு நாள் அவன் அதற்கு அடியிலேயே கிடந்தான். பிரேக் பிரித்துப் போட்டான், கைப்பிரேக் கம்பியை இழுத்துக் கட்டினான், பழைய கமானைக் கழற்றிப் புதுசு மாட்டினான். பழையதைக் கமான் கடைக்காரன் எடைக்குப் போடத் தூக்கிக்கொண்டு போனான். கழற்றும்போது துருப்பிடித்த யூ போல்ட் ஒன்று திரும்பவே மாட்டேன் என்று அரை நாளைத் தின்றது. வியாழன் சாயங்காலம் அவன் எழுந்து நின்றபோது இடுப்பு நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஸ்டாண்டுகளை உருவி ஜாக்கியை இறக்கினான். வேன் தன் காலில் நின்றது. அழகாக நின்றது. பின்பக்கம் நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி. அவன் சீட்டில் ஏறி ரிவர்ஸ் போட்டான். வெளிச்சுவரைப் பூச வந்திருந்த சகலை பின்னால் நின்று கையசைத்தார். வா, வா, வா என்று அசைந்த கை பாதியில் நின்றது.

"நிறுத்து."

அவன் இறங்கி வந்து பார்த்தான். வேனின் பின்தலை லிண்டலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கூரை லிண்டலின் அடிப்பாகத்தைவிட இரண்டு விரல் மேலே இருந்தது.

தளர்ந்த கமானை மாற்றினால் வண்டி ஐந்து விரல் எழும்பும் என்று அவனுக்குத் தெரியும். அதற்காகத்தானே மாற்றினான். மூன்று விரல்தான் இடம் இருக்கிறது என்பதும் தெரியும், அவனே அளந்தான். இரண்டும் ஒரே தலைக்குள் இரண்டு நாள் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த வண்டியை அளந்து உள்ளே விட்டுவிட்டு, உள்ளேயே வைத்து அதை எழுப்பி நிறுத்தியிருக்கிறான்.

"உள்ள வந்த வழியில வெளிய போக முடியாத வண்டிய இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் சகலை. பிறகு குரலைத் தணித்து, "நான் அந்த ரெண்டு இஞ்ச் ஏத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

இருந்திருந்தால் போயிருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. தரை ஏறியது சகலையால். வண்டி ஏறியது அவனால். லிண்டல் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

சகலை சம்மட்டியை எடுத்து வந்து லிண்டலை அண்ணாந்து பார்த்தார். இடிக்கலாம், ஆனால் மேலே இருக்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், உள்ளே நான்கு கம்பி, அறுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, நான் எட்டடி வைக்கலாம்னுதான் சொன்னேன் என்றார். அது அவனுக்கும் நினைவிருந்தது. எட்டடியில் ஷட்டர் போட்டால் கை எட்டாது, இழுக்க ஒவ்வொரு தடவையும் கொக்கியைத் தேட என்னால் முடியாது என்று அவன் மனைவிதான் ஒரே பிடியாக நின்றாள். இந்த இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினாள். சகலை அந்தக் கைக்குக் கொஞ்சம் மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில்தான் லிண்டல் உட்கார்ந்தது.

"சம்மட்டிய வைங்க சகல" என்றான். "நேரமில்ல."

பத்தரை மணிக்கு வேன்காரர் வந்தார். அதே நேரத்துக்குப் பெரியம்மாவும் குட்டியும் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார்கள். வேலை முடிகிற நாளில் வந்து இடத்தைப் பார்ப்பதாக முன்னமே பேசி வைத்திருந்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் மறைக்காமல் சொன்னான். அளந்ததைச் சொன்னான், கூட்டிப் பார்க்காததைச் சொன்னான். பெரியம்மா குட்டியின் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வேன்காரர் லிண்டலையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலயா தம்பி?"

"சொல்லித் தந்தாங்க" என்றான் அவன்.

முதலில் பின் டயர்களில் காற்றை இறக்கினான். முழுசாக இறக்கினால் டயர் கிழிந்துவிடும். பாதிதான் இறக்க முடியும். ஒரு விரல் கிடைத்தது. இன்னும் ஒரு விரலும் கொஞ்சமும் வேண்டும். மணி பதினொன்று. வேன்காரர் பொறுமை இழந்து, பிள்ளைகள் ஏறினால் வண்டி தானாக இறங்கும், இது பள்ளிக்கூட வண்டிதானே, போய்ப் பதினெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று எரிச்சலாகச் சொன்னார். வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அவன் வேனின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். புதுக் கமான் விறைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எடை ஏறினால் அதுவும் தணியும். ஏழு எட்டுப் பெரிய ஆட்கள் கடைசி இரண்டு வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

ஆட்களுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. தெரு இருந்தது. ஆனால் அந்தத் தெருவோடு அவன் பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் சில வாரம் ஆளாளுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். சாப்பாடு கொண்டு வந்தார்கள். அவன் உள்ளே உட்கார்ந்து, தட்டுகிற சத்தம் நிற்கும் வரை காத்திருந்தான். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். வழியில் பார்த்தால் தலையசைப்பார்கள், அவனும் அசைப்பான். இப்போது அதே கதவுகளை அவன் தட்ட வேண்டும். தட்டிக் கேட்க வேண்டியதும், கொஞ்சம் வந்து எடைக்கல்லாக உட்காருகிறீர்களா என்று.

சகலை, நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றார். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

எதிர்வீடு மாவு மில்காரரின் மனைவி. தெருவிலேயே கனத்த உடம்பு. கதவைத் திறந்தவள் அவனைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இருபது வருஷமா எல்லாரும் என்னை இளைக்கச் சொல்லறாங்க. இன்னைக்காவது இது ஒரு ஆளுக்கு ஒதவட்டும்."

அவள் வந்ததோடு நிற்கவில்லை, மில்லிலிருந்து கணவரையும் கூப்பிட்டாள். அடுத்தது தையல்காரர். கழுத்தில் டேப்போடு வெளியே வந்தவர், எத்தனை விரல் குறைகிறது என்று தொழில் முறையில் விசாரித்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டார். துணி தேய்க்கிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். மூலை வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா என்று அவன் தயங்கினான். ஏற்றி விட்டால் உட்காருவேன், உட்காருவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றார் அவர். ஒருவரும் அவனிடம் இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கதவிலும் அதற்காகத்தான் அவன் பயந்துகொண்டே நின்றான். கேட்காமல் விட்டது, கேட்டிருந்தால் ஆகியிருப்பதைவிட அவனுக்குக் களைப்பாக இருந்தது.

ஆட்கள் ஏறினார்கள். சகலை கையை விட்டுப் பார்த்தார். கூரையும் லிண்டலும் ஒட்டிக்கொண்டிருந்தன, தகடு உரசும். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்றார். மில்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இதுக்கு மேல எங்கிட்ட இல்லப்பா" என்றாள். வேனுக்குள் சிரிப்பு எழுந்தது. அவர்களோடு ஏறியிருந்த வேன்காரர்கூடச் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

பெரியம்மா அதுவரை கராஜின் மூலையில் நின்று சுவரில் மாட்டிய ஸ்பேனர்களையும், குழந்தையின் கை எட்டாத உயரத்தில் வைத்த எண்ணெய் டப்பாக்களையும், தடுப்புப் போட்ட மின் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"மெதுவா எடுங்க தம்பி" என்றாள்.

அவன் கிளட்சை விடுவதும் பிடிப்பதுமாக, எறும்பு ஊர்கிற மாதிரி எடுத்தான். பின்தலை லிண்டலுக்கு அடியில் நுழைந்தது. அரை விரல், அரை விரல் என்று சகலை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் மெல்லிய கீச்சுச் சத்தம். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், குனிந்தால் வண்டி தாழ்ந்துவிடும் என்பது போல. பின்சக்கரம் வாசல் சரிவில் இறங்கியது. அதோடு முடிந்தது. வேன் தெருவில் நின்றது. கூரையில் ஒரு முழ நீளத்துக்குத் தலைமுடி அகலத்தில் ஒரு கீறல்.

மணி பன்னிரண்டு. கம்ப்ரஸர் இருமிக்கொண்டே டயர்களுக்குக் காற்றை ஏற்றியது. வேன்காரர் தாள்களைச் சரிபார்த்துவிட்டு, சீக்கிரம் ஏறு தம்பி, அங்கே இன்ஸ்பெக்டர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல மெக்கானிக் வேண்டும் என்றார். சர்வீஸ் சென்டரிலிருந்து எப்போதும் ஒரு ஆள் கூடப் போவான், அது வழக்கம். அவன் கையைத் துடைத்தபடி கதவு வரை போனான். அங்கே நின்றுவிட்டான்.

குட்டி வாசல் சரிவில் உட்கார்ந்து ஒரு வாஷரை உருட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் குற்றமில்லை, ஒரு கேள்வி இருந்தது. அவளே அதற்கு வழியும் சொன்னாள்: "போயிட்டு வாங்க தம்பி. நான்தான் இருக்கேனே."

அவன் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களே, அண்ணி."

அவன் வேன்காரரிடம் திரும்பினான். கமான் வாங்கிய பில் முன் பெட்டியில் இருக்கிறது, பிரேக்கை நேற்று ஸ்டாண்டிலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்தாகிவிட்டது, கைப்பிரேக்கை நாலாவது பல் வரை இழுத்தால் பிடிக்கும், கேட்டால் இதைச் சொல்லுங்கள், சந்தேகம் என்றால் போன் பண்ணுங்கள், நான் வரவில்லை என்றான். வேன்காரருக்கு நம்ப முடியவில்லை.

"தேறலன்னா அந்த ரெண்டு வண்டியும் இங்க வராது. தெரியுமில்ல?"

"தெரியும்."

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தெருக்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுக் கலைந்தார்கள். கணக்கு வாத்தியாரை அவன் வீடு வரை கொண்டுபோய் விட்டான். சகலை விட்ட இடத்தில் பூச்சைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவன் தரையைக் கூட்டினான், கூட்டிய தரையையே மறுபடியும் கூட்டினான். குழந்தைக்கு இரண்டு வாய் ஊட்டினான். மூன்றாவது வாயைப் பெரியம்மாதான் ஊட்ட வேண்டும் என்று அவள் அடம் பிடித்தாள். இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. போனை எடுத்து எடுத்துப் பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு வைஸின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றான். கூடப் போயிருக்கலாம் என்று தோன்றியது. போயிருக்கக் கூடாது என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே கனத்தில் இருந்தன.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. வேன்காரர் எடுத்த எடுப்பில் குறைதான் சொன்னார்: ஹெட்லைட் வெளிச்சம் ஒரு பக்கம் மேலே அடிக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார், அங்கேயே ஒரு ஆளைப் பிடித்துச் சரிபண்ண வேண்டியதாகிவிட்டது, நீ வந்திருந்தால் இந்த அலைச்சல் உண்டா. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், தேறிவிட்டது என்றார். பின்பக்கத்தைப் பார்த்து, யார் செய்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"அந்த ரெண்டும் இதவிட மோசமா உக்காந்திருக்கு. உன் வாசல்ல வேலைக்கு ஆகாது. மொதல்ல அந்தக் கான்கிரீட்டத் தூக்கு. அப்பறம் அனுப்பறேன்."

"சரி" என்றான்.

சகலையிடம் திரும்பி, நாளைக்கு லிண்டலை இடித்து எட்டடியில் போட்டுவிடலாம் என்றான். சகலை பூச்சுக் கரணையைத் தட்டில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். முட்டுக்கு நாலு கட்டை வேண்டும், காலையில் எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மா செருப்பைத் தேடி மாட்டினாள். குழந்தையின் பக்கம் பார்க்காமல் பேசினாள். எட்டு மணிக்கு முன்னால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பால் ஆறினால் ஆடை எடுத்துவிட வேண்டும். மிக்சி போடுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் பயப்படுவாள். தலை வாரும்போது அடியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும். சொல்லச் சொல்ல இன்னும் வந்துகொண்டே இருந்தது. நடுவில் சகலை, ஞாயிற்றுக்கிழமை துணிமணியோடு கொண்டு வந்து விடலாமே, இன்றைக்கே எதற்கு என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கூட்டிட்டுப் போனா என்னால திருப்பிக் கொண்டுவர முடியாது" என்றாள் அவள். "இன்னைக்கே இருக்கட்டும்."

பெரியம்மாவும் சகலையும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் குட்டிக்கு விஷயம் புரிந்தது. அழுதாள். சும்மா இல்லை, வீட்டை இரண்டாக்குகிற அழுகை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, பிறகு தானாக மூடிக்கொண்டது. அவன் தூக்கப் போனான், கையைத் தட்டிவிட்டாள். அவன் வாசல் சரிவில் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் சட்டையில் கிரீஸ், அவள் கன்னத்தில் கிரீஸ். அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்து அது விசும்பலாகக் குறைந்தது.

"பெரியம்மா எப்ப வருவாங்க?"

"ஞாயித்துக்கெழம."

"அது எப்ப?"

"நாளைக்கு ஒண்ணு. அதுக்கு அடுத்தது."

அவள் யோசித்தாள். மூக்கை அவன் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு யாரு தலை வாருவா?"

"நான்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றான் அவன். "கத்துக்கணும்."

அவள் அவனை நம்பாமல் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், சீப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவன் தரையில் கையூன்றி, மெல்ல எழுந்து, தேடப் போனான்.